எஞ்சினின் காற்று வடிகட்டியைச் சுத்தஞ் செய்து பேணுதல்



தோட்டத்துப் பம்பி இயங்க மறுத்தால் நாம் முதலிற் பார்ப்பது எரிபொருளை, அடுத்துப் பிளக்கை, அதன் பின்னர் எண்ணெயை. காற்று வடிகட்டியைத் திறந்து பார்ப்பவர் மிகச் சிலரே. கராச்சுகளில் எயார் கிளீனர் என்று கூறப்படும் இவ்வுறுப்பு, எஞ்சினின் ஒரு பக்கத்திற் சிறு பெட்டியாகவோ வட்டக் கிண்ணமாகவோ பொருத்தப்பட்டிருக்கும். அதில் அசையும் பாகம் எதுவுமில்லை, ஓசையும் எழுவதில்லை. அதனாற் போலும், வாங்கிய நாளிற் பூட்டிய மூடி பூட்டியபடியே இருக்க, எஞ்சின் தேய்ந்து கராச்சுக்குப் போகும் வரை அது எவர் கண்ணிலும் படுவதில்லை.

பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் இயங்கும் நீர்ப்பம்பி, லாண்ட் மாஸ்டர் என்று பலரும் அழைக்கும் இருசக்கர உழவு இயந்திரம், முதுகிற் சுமக்கும் விசைத் தெளிகருவி, புல்வெட்டும் இயந்திரம் ஆகிய யாவற்றுக்கும் இங்கு கூறப்படுவன பொருந்தும். மின்சாரப் பம்பி வைத்திருப்போருக்கு இவ்வேலை இல்லை. துலா மிதித்த நம் பாட்டன்மாருக்கும் இருக்கவில்லை.

எஞ்சின் உட்கொள்ளும் காற்று

எஞ்சின் எரிபொருளை மட்டும் உண்டு இயங்குவதன்று. 1 லீற்றர் பெற்றோல் செவ்வையாக எரிவதற்கு ஏறக்குறைய 9,000 லீற்றர் காற்று வேண்டும். 200 லீற்றர் கொள்ளும் பீப்பாயினால் அளந்தால் இது 45 பீப்பாய் ஆகும். மணித்தியாலத்துக்கு 1 லீற்றர் எரிக்கும் பம்பி ஒன்று காலையில் 4 மணித்தியாலம் இறைத்தால், 180 பீப்பாய்க் காற்று அதனுட் சென்று வெளியேறுகின்றது. டீசல் எஞ்சின் ஒவ்வொரு லீற்றருக்கும் இதனிலும் கூடுதலான காற்றை இழுக்கும்.

அக்காற்று எத்தகையது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் வீசுங்காலத்தில் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் உலரப்போட்ட வெள்ளைத் துணி மாலையில் என்ன நிறமாகின்றது என்று வீட்டிலுள்ள பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். கிழக்கிலே கச்சான் காற்றும் அவ்வாறே. வன்னியில் முதல் மழைக்கு முன்னர்ப் புழுதி உழவு செய்பவர், தாம் ஓட்டும் இயந்திரத்தின் முன்சில்லையே காணமுடியாதபடி புழுதியிலே நிற்பதுண்டு. கிறவல் வீதியிற் பெட்டி பூட்டி நெல்லேற்றிச் செல்லும்போதும், சூடடிக்கும்போதும் இதே நிலைதான்.

இப்புழுதியில் நமது கண்ணையும் மூக்கையும் உறுத்தும் பெருந்துகள்கள் எஞ்சினுக்கு அவ்வளவு தீங்கு செய்வனவல்ல. அவை எளிதிற் பிடிபட்டுவிடும். தலைமயிரின் தடிப்பில் ஐந்திலொரு பங்கும் இல்லாத நுண்துகள்களே பகை. மணலும் மணற்றூளும் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்னுங் கனிப்பொருளாலானவை. உருளை வார்க்கப்பட்ட இரும்பிலும் குவார்ட்ஸ் கடினமானது. அது உருளைக்கும் பிஸ்ரன் றிங்குக்கும் இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படையிற் புகுந்து தங்கினால், எண்ணெயும் புழுதியுஞ் சேர்ந்து, வால்வு அரைப்பதற்கு மெக்கானிக்குகள் பூசும் பசையைப் போலாகிவிடும். அதன்பின் எஞ்சின் இயங்கும் ஒவ்வொரு நிமிடமும் தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும்.

அடைபட்டதை அறிதல்

வடிகட்டி தன் கடமையைச் செய்யச் செய்ய அடைபடும். அடைபட்டால் எஞ்சினுக்குக் காற்றுப் போதாது. பெற்றோல், மண்ணெண்ணெய் எஞ்சினில் இது சோக்கைப் பாதி மூடியபடி இயக்குவதற்கு ஒப்பானது. எரிபொருள் மிகுதியாகவும் காற்றுக் குறைவாகவும் சென்று, பிளக்கின் முனையிற் கரி படியும். புகைக்குழாயிற் கரும்புகை வரும். பம்பி வழக்கமான வேகம் எடுக்காது. அதே வயலுக்கு அதே நீரை இறைக்கக் கூடுதலான எண்ணெய் செல்லும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்காக வரிசையில் நின்றவர்கள், புகையாய்ப் போகும் எண்ணெயின் பெறுமதியை மறந்திருக்கமாட்டார்கள்.

மண்ணெண்ணெய் எஞ்சினில் இன்னுமொரு கேடு உண்டு. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் உருளையின் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே வடிந்து, எஞ்சின் எண்ணெயோடு கலக்கும். அளவுகோலை இழுத்து மணந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மணம் வீசினால் எண்ணெயை மாற்றவேண்டும். மாற்றுமுன் வடிகட்டியையும் திறந்து பார்க்கவேண்டும்.

டீசல் எஞ்சினில், பாரம் ஏறியவுடன் கரும்புகை கக்குவதும் உழவில் மூச்சிரைப்பதும் அடையாளங்கள். புகை நீலமாக இருப்பின் அது வேறு. அது எண்ணெய் எரிவதைக் காட்டும். அந்நிலையில் உருளையும் றிங்கும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும்.

முதலில் வகையை அறிக

உங்கள் இயந்திரத்திலுள்ள வடிகட்டி எவ்வகையது என்பதை அறியாமல் அதைக் கழுவவேண்டாம். எண்ணெய்த் தொட்டி வடிகட்டி, பஞ்சு வடிகட்டி, கடதாசி வடிகட்டி என மூவகை உண்டு. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகும். இதனை நான் பிறர் நூலிற் படித்து அறிந்ததிலும், என் பிழையால் அறிந்ததே அதிகம்.

விவசாயப் பாடசாலையிற் பயிற்சி முடித்து வேலையேற்ற முதலாம் ஆண்டில், ஒரு கிராமத்துக் கூட்டத்திலே, மாதத்துக்கு ஒருமுறையாவது காற்று வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள் என்று சொல்லிவந்தேன். பாடசாலையில் நாங்கள் பழகிய இயந்திரங்களில் எண்ணெய்த் தொட்டியும் பஞ்சுமே இருந்தன. அதனால் அவ்வாறு சொன்னேன். கூட்டத்துக்கு வந்திருந்த முதியவர் ஒருவர் 8 பரப்பில் வெங்காயம் நட்டிருந்தார். அவருடைய புதுப் பம்பியிற் கடதாசி வடிகட்டி இருந்தது. அவர் அதைக் கழற்றிச் சவர்க்கார நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, வெயிலிற் காயவைத்துத் திரும்பப் பூட்டினார். நனைந்த கடதாசியின் மடிப்புகள் பல இடங்களிற் கிழிந்திருந்தன; பார்வைக்குத் தெரியவில்லை. பம்பியோ முன்னிலும் இலகுவாக இயங்கியது. இயங்காமல் என்ன செய்யும்? தடையின்றிக் காற்றுப் புகுந்தது; புழுதியும் புகுந்தது. சில கிழமைகளில், வெங்காயம் காய் பருக்கும் வேளையில், கயிறு இழுத்தாலும் எஞ்சினில் அமுக்கமில்லாமற் போயிற்று. அயலவர் தமது இறைப்பு முடிந்தபின் கொடுத்த பம்பியைக் கொண்டு அவர் இரவிலே இறைத்தார். நான் போனபோது கோபமாகப் பேசவில்லை. “தம்பி, நீங்கள் சொன்னபடிதானே கழுவினனான்” என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது சரி. கழுவச் சொன்னவன், எதைக் கழுவுவது எதைக் கழுவலாகாது என்று சொல்லவில்லை.

எண்ணெய்த் தொட்டி வடிகட்டி

இருசக்கர உழவு இயந்திரங்களின் டீசல் எஞ்சின்கள் பலவற்றில் இவ்வகையே உண்டு. கீழே எண்ணெய் நிறைந்த ஒரு கிண்ணமும் மேலே கம்பி வலை அல்லது உலோகத் தும்பு அடைந்த ஒரு பகுதியும் இருக்கும். உட்செல்லும் காற்று நடுக்குழாய் வழியே இறங்கி எண்ணெயின் மேற்பரப்பில் மோதி, உடனே மேல்நோக்கித் திரும்பும். காற்று திரும்பிவிடும், பாரமான புழுதியோ அத்துணை விரைவிற் திரும்பமாட்டாது எண்ணெயில் வீழ்ந்து அமிழும். தப்பிய துகள்கள் எண்ணெய் தோய்ந்த வலையில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளத்தில் வரும் மணல் வாய்க்காலின் வளைவிலே தங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் புதிதன்று.

இதனைச் சுத்தஞ் செய்யும்போது எஞ்சினை நிறுத்தி, சமதரையில் வைத்து, சூடு ஆறவிடுங்கள். வலையிலுள்ள எண்ணெய் கிண்ணத்துள் வடிய 15 அல்லது 20 நிமிடமாகும். அதற்கு முன்னர்த் திறக்க அவசரப்படவேண்டாம். மூடியையும் சுற்றுப்புறத்தையும் முதலிற் சீலையாற் துடைத்தபின் கழற்றுங்கள். இன்றேல் வெளியே அப்பியிருந்த மண்ணை நீங்களே உள்ளே தள்ளியவர்களாவீர்கள். பழைய எண்ணெயை ஒரு தகரத்தில் ஊற்றி, அடியிலே படிந்த சேற்றைப் பாருங்கள். அது ஒரு நெல்மணியின் நீளமளவு தடித்திருந்தால் நீங்கள் பிந்திவிட்டீர்கள். அடுத்த முறை அதற்கு முன்பே திறக்கவேண்டும்.

கிண்ணத்தைத் துடைத்து, வலையை மண்ணெண்ணெயில் அல்லது டீசலில் அலசி, நன்றாக வடியவிடவேண்டும். பெற்றோலாற் கழுவவே கூடாது. சூடு ஆறாத எஞ்சினுக்கு அருகில் பெற்றோல் ஆவி தீப்பற்ற ஒரு சிறு பொறி போதும். வலையைத் துணியாற் துடைக்காதீர்கள். துணியின் நூல் அதிற் சிக்கும்.

பின்னர், கிண்ணத்திற் குறிக்கப்பட்ட கோடு வரை புதிய எஞ்சின் எண்ணெயை விடுக. எஞ்சினுக்கு எந்த எண்ணெயோ அதே எண்ணெய் இதற்கும் போதும். எஞ்சினிலிருந்து வடித்த கறுத்த எண்ணெயை இதற்கு ஊற்றுவோர் உளர். மிச்சம் பிடித்ததாக எண்ணுவர். அவ்வெண்ணெயில் ஏற்கெனவே கரியும் உலோகத்தூளும் உண்டு. புழுதியைப் பிடிக்கும் வலுவும் அதற்குக் குறைவு.

கோட்டுக்குக் குறைய விட்டாற் புழுதி உட்செல்லும். கோட்டுக்கு மேலே விடுவது அதனினும் ஆபத்து. டீசல் எஞ்சின் அவ்வெண்ணெயை உறிஞ்சி, அதையே எரிபொருளாகக் கொண்டு கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடத் தொடங்கலாம். அப்பொழுது டீசற் குழாயை அடைத்தாலும் அது நில்லாது. ஆதலால் ‘கொஞ்சம் கூட இருக்கட்டும்’ என்ற எண்ணம் இவ்விடத்தில் ஆகாது. இயந்திரத்தைச் சரித்து வைத்து ஏற்றிச் சென்றாலும் எண்ணெய் உள்ளே ஓடிவிடும். இறக்கியபின் அளவைப் பார்த்தே இயக்கவேண்டும்.

வடித்த பழைய எண்ணெயைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது குடிக்கும் நீருக்குப் போய்ச்சேர நெடுநாட் செல்லாது. தகரத்திற் சேர்த்து, பழைய எண்ணெய் எடுக்கும் கராச்சிற் கொடுத்துவிடுங்கள்.

பஞ்சு வடிகட்டி

சிறு பம்பிகளிலும் தெளிகருவிகளிலும் நுரைப்பஞ்சு காணப்படும். இதனை இளஞ்சூடான சவர்க்கார நீரில் அமுக்கி அமுக்கிக் கழுவவேண்டும். துணி பிழிவதுபோல முறுக்கினாற் கிழியும். நல்ல நீரில் அலசி, நிழலில் முற்றாக உலரவிட்டு, சுத்தமான எஞ்சின் எண்ணெயிற் தோய்த்து, மேலும் வடியாத அளவுக்கு உள்ளங்கைகளால் அமுக்கி எண்ணெயை அகற்றிய பின் பூட்டுக. பஞ்சின் துளைகள் பெரியவை. புழுதியைப் பிடிப்பது பஞ்சன்று, அதிற் தோய்ந்த எண்ணெயே. எண்ணெய் இடாமற் பூட்டிய பஞ்சு, வேலியில்லாத தோட்டத்துக்குப் படலை போட்டது போன்றது. எண்ணெய் மிகுந்தால், தொடங்கும்போது சிறிது புகை வரும்.

ஒரு விலக்கு உண்டு. சில எஞ்சின்களிற் கடதாசி வடிகட்டிக்கு மேலே ஒரு பஞ்சு உறை போர்த்தப்பட்டிருக்கும். அவ்வுறைக்கு எண்ணெய் இடவேண்டுமா, உலர்வாகவே வைக்கவேண்டுமா என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். கைந்நூலிற் பார்த்தே செய்யவேண்டும். கைந்நூல் ஆங்கிலத்தில் இருப்பின் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையைக் கொண்டு படிப்பியுங்கள். உறை கிள்ளினாற் பொடியாக உதிருமாயின் அதைக் கழுவிப் பயனில்லை, புதிது வாங்குக.

கடதாசி வடிகட்டி

இதனை நீரிலும் எண்ணெயிலும் மண்ணெண்ணெயிலும் நனைக்கலாகாது. நனைந்தாற் கடதாசியின் நார்கள் பருத்து அல்லது பிரிந்து, ஒன்றில் அடைத்துக்கொள்ளும், அன்றிக் கிழியும். தூரிகையாற் தேய்ப்பதும் தவறு. அது தூசியை நார்களுக்குள் இன்னும் ஆழமாகச் செலுத்தும்.

செய்ய வேண்டியது இவ்வளவே. வடிகட்டியைக் கையில் எடுத்து, ஒரு பலகையில் மெல்லச் சில தடவை தட்டுங்கள். உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் காற்று ஊதலாம். ஆனால் சில்லுக்குக் காற்றடிக்கும் கடையிலுள்ள குழாயை அப்படியே பிடிக்கவேண்டாம். சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலுக்கு மேற்பட்ட அமுக்கம் கடதாசியைத் துளைக்கும். பின்னர் இருட்டறையில் அதனுள்ளே டோர்ச் விளக்கைப் பிடித்து வெளியிலிருந்து சுற்றிப் பாருங்கள். மங்கலான ஒளி எங்கும் சமமாகத் தெரிந்தால் நன்று. ஓரிடத்தில் ஊசி முனையளவு பளிச்சென்று ஒளி தெரிந்தால் அவ்வடிகட்டியை எறிந்துவிடவேண்டும். தட்டியும் ஊதியும் ஒளி ஊடுருவாதிருந்தாலும் அதுவே முடிவு. கடதாசி வடிகட்டி மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டது. அதற்கு ஆயுள் நீட்ட முயல்வது எஞ்சினின் ஆயுளைக் குறைப்பதாகும்.

வடிகட்டியின்றி இயக்கலாகாது

‘எயார் கிளீனரைக் கழற்றிவிட்டால் நல்லாய் இழுக்குது’ என்று சொல்லி, வெறுங் காபரேற்றரோடு இறைப்போரை இன்றும் காண்கின்றோம். வடிகட்டி அடைபட்டிருந்தமையால் அவ்வாறு தோன்றுகின்றது. சுத்தஞ் செய்திருந்தாலும் அவ்வாறே இழுத்திருக்கும். புழுதி நாளொன்றில் ஒரு காலைப்பொழுது இவ்வாறு இயக்கினாலும் உருளையில் அதன் கீறல் நிலைத்துவிடும். மேலும், எஞ்சின் திருப்பி உதைத்தாற் காபரேற்றர் வழியே தீநாக்கு வெளிப்படக்கூடும். பஞ்சு கழுவி உலரும் நேரத்திலும் இயக்கவேண்டாம். அவசரமாக இறைக்க வேண்டியோர் இரண்டாவது பஞ்சொன்று வாங்கி வைத்திருப்பதே வழி. சீலைத் துண்டைக் கட்டி இயக்குவது வடிகட்டியாகாது. அது உள்ளே இழுக்கப்பட்டதையும் நான் கண்டிருக்கின்றேன்.

வேறு வழியாற் புகும் புழுதி

வடிகட்டி சுத்தமாயிருந்தும் எஞ்சின் தேயுமாயின், வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள வழியைச் சோதிக்கவேண்டும். றப்பர்க் குழாய் வெயிலில் வெடித்திருக்கலாம். அதன் பட்டி தளர்ந்திருக்கலாம். மூடியின் கீழுள்ள வளையம் தொலைந்திருக்கலாம். எஞ்சின் அவ்விடைவெளி வழியாக வடிகட்டாத காற்றையே இழுக்கும். இதனை அறிய எளிய வழி, வடிகட்டியைக் கழற்றியபின், சுத்தக் காற்றுச் செல்லும் குழாயினுள்ளே சுட்டுவிரலை விட்டுத் துடைத்துப் பார்ப்பதாகும். விரலிற் புழுதி ஒட்டக்கூடாது. ஒட்டினால், எங்கோ வழி இருக்கின்றது. அதைக் கண்டு அடைக்கும்வரை இயந்திரத்தை இயக்காதிருத்தல் நன்று.

பம்பியை வைக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. காற்று வரும் திசையில் உழுத புழுதி நிலம் இருப்பின், கிணற்றின் மறுபக்கத்தில் வையுங்கள். வடிகட்டியின் வாயைத் தன் புகைக்குழாயின் புகை வந்து சேராதபடி திருப்பி வைக்கவேண்டும். சூடடிக்கும்போது பதரும் உமித்தூளும் பறக்கும் பக்கத்தில் எஞ்சினை நிறுத்தாது, காற்றுக்கு எதிர்ப்புறம் நிறுத்துக. அன்றைய தினம் மதியத்தில் ஒருமுறை வடிகட்டியைத் திறந்து தட்டிவிடுதல் வீண்வேலையன்று.

எப்பொழுது செய்வது

பொதுவாக 50 மணித்தியால வேலைக்கு ஒருமுறை என்பர். நாளொன்றுக்கு 4 மணித்தியாலம் இறைப்பவருக்கு இது 13 நாளிற் கழிந்துவிடும். புழுதி மிகுந்த காலத்தில் அதிற் பாதியே கணக்கு. புழுதி உழவிலும் சூடடிப்பிலும் நாள்தோறும் பார்க்கவேண்டும். உங்கள் இயந்திரத்தின் கைந்நூல் வேறு அளவு கூறின் அதனையே கைக்கொள்க. மழைக்காலத்தில் இடைவெளி கூடலாம். ஆனால் எண்ணெய்த் தொட்டியில் மழைநீர் இறங்கியிருக்கின்றதா என்று பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது, உடனே மாற்றவேண்டும்.

சிறுபோகம் முடிந்து இயந்திரத்தைக் கொட்டிலில் விடும்போது வடிகட்டியைச் சுத்தஞ் செய்தே விடுங்கள். பஞ்சையும் கடதாசியையும் எலி கடிக்கும். எண்ணெய் மணத்துக்கு அது அஞ்சுவதில்லை. குளவி கூடு கட்டுவதும் உண்டு. மறுபோகத்தில் முதன்முறை கயிறிழுக்குமுன் மூடியைத் திறந்து பார்க்கவேண்டியது இதனாலேயே.

புதிய வடிகட்டி வாங்கச் செல்லும்போது பழையதைக் கையோடு கொண்டு செல்லுங்கள். இயந்திரத்தின் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால், உயரத்தில் ஒரு நூல் குறைந்தது அகப்பட்டுவிடும்; மூடி பூட்டும், ஆனால் விளிம்பிற் காற்றுப் புகும். இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்து, உயரமும் உள்வட்டமும் விளிம்பு றப்பரும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்த்தே பணத்தைக் கொடுங்கள். பூட்டிய திகதியை அழியாத மையினால் மூடியின் உட்புறத்தில் எழுதி வைத்தால், அடுத்த முறை திறப்பவர் நீங்களாயினும் உங்கள் மகனாயினும் கணக்குத் தெரியும்.